கொட்டிலுக்கும் காட்டுக்கும் ஒரே டாக்டர்

சித்திரை மாதத்துக் காலை நேரம். கண்மாய் வறண்டுவிட்டது, ஊரணியிலும் சேறுதான் மிச்சம். தைலமரக் காட்டிலிருந்து தண்ணீர் தேடி வந்த மான் ஒன்றை நாய்கள் துரத்த, அது உங்கள் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து கிடக்கிறது. ஊரே கூடிவிட்டது. தீயணைப்பு வீரர்கள் வலை போட்டுத் தூக்குகிறார்கள். வனக்காவலரும் வந்துவிட்டார். மானின் பின்காலில் ரத்தம் வழிகிறது. "மாட்டு டாக்டருக்குச் சொல்லியாச்சா?" என்று ஒரு பெரியவர் கேட்கிறார். மாட்டாஸ்பத்திரியில் பசுவுக்குச் சினை ஊசி போட்டுக்கொண்டிருந்த டாக்டர், கையைக் கழுவிவிட்டுப் பையோடு புறப்படுகிறார்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்படி ஒரு காட்சியை நீங்களே பார்த்திருக்கலாம். மானுக்குப் பதில் மின்கம்பியில் அடிபட்ட மயிலாக இருந்திருக்கலாம், வலையில் சிக்கிய மலைப்பாம்பாக இருந்திருக்கலாம். எதுவானாலும் கூப்பிடுவது அதே டாக்டரைத்தான். உங்கள் பசுவையும் வெள்ளாட்டையும் கோழியையும் பார்க்கிற அவரே காட்டு உயிருக்கும் முதல் மருத்துவர். அந்த வேலைக்கு அவருக்கு யார், எங்கே, எவ்வளவு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்? இந்த வாரம் இந்தப் பக்கம் எழுப்பும் கேள்வி இதுதான். விலங்குக் காட்சிசாலை மருத்துவம், வன உயிரின மருத்துவம் என்றெல்லாம் சொல்லப்படும் மேற்படிப்பு சென்னைக்காரர்களின் விஷயம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் கொட்டிலுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

கன்று வேறு, மான் வேறு

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் வன உயிரினம், காட்சிசாலை விலங்கு பற்றிய பாடமும் உண்டு. ஆனால் மாடு, ஆடு, கோழி, நாய், குதிரை, பன்றி என்று படிக்க வேண்டிய அத்தனைக்கும் நடுவே அது ஒரு சிறு பகுதிதான். பட்டம் பெற்றுக் கிராமத்துக்கு வரும் டாக்டர் ஆயிரக்கணக்கான மாடுகளைத் தொட்டுப் பழகுகிறார். மானைத் தொட்டுப் பார்ப்பது அது கிணற்றில் விழும் அன்றுதான்.

மானும் மாட்டைப் போல அசை போடும் பிராணிதானே, மாட்டுக்குப் பார்க்கிற வைத்தியத்தை அளவைக் குறைத்துப் பார்த்தால் போதாதா என்று தோன்றலாம். போதாது. மிரண்ட கன்றைப் பிடித்துக் கட்டி, கழுத்தைத் தடவிக் கொடுத்தால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். மானுக்கு மனிதன் கை படுவதே உயிர்ப் பயம். துரத்திப் பிடித்த மானின் உடல் சூடு சட்டென்று ஏறும். தசைகள் சிதையத் தொடங்கும். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் பொருள் சிறுநீரகத்தைப் பாழாக்கும். காயம் சிறியதாக இருந்தாலும், பிடிபட்ட அதிர்ச்சியிலேயே சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மான் செத்துவிடலாம். "காப்பாத்திக் காட்டுல விட்டோமே, மறுநாள் செத்துக் கிடக்குதே" என்று வருந்தும் சம்பவங்கள் பலவற்றின் காரணம் இதுதான்.

மருந்தும் அப்படியே. மயக்கத்துக்குப் பயன்படும் சைலசின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைக்குக் கொடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். வீட்டு விலங்குகளுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் என்றால் மயிலுக்கும் குரங்குக்கும் சிறுத்தைக்கும் அளவு எப்படி ஒன்றாக இருக்கும்? எடை பார்க்க முடியாத, கிட்டே நெருங்க முடியாத, நோயை வெளியே காட்டாமல் மறைத்துக்கொள்ளும் உயிர்களுக்கு வைத்தியம் பார்ப்பது தனிக் கல்வி. தூரத்திலிருந்து மயக்க ஊசியைத் துப்பாக்கியால் செலுத்துவது, மயங்கிய விலங்கின் மூச்சையும் உடல் சூட்டையும் கண்காணிப்பது, இறந்த விலங்கைக் கூறாய்வு செய்து காரணம் கண்டுபிடிப்பது எல்லாம் அந்தக் கல்வியில் அடக்கம்.

2021-ல் கூடலூர், மசினகுடி பகுதியை நடுங்க வைத்த டி23 புலியை வாரக்கணக்கில் தேடி, அக்டோபர் 15-ந் தேதி மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடித்தார்கள். கம்பம் பகுதிக்குள் புகுந்த அரிக்கொம்பன் யானையையும் 2023 ஜூனில் அப்படித்தான் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். செய்தியில் நாம் பார்த்தது புலியையும் யானையையும். அந்த ஊசியின் அளவைக் கணக்கிட்ட மருத்துவரின் கல்வியை நாம் கவனிக்கவில்லை.

நோய்க்கு வேலி கிடையாது

இனி உங்கள் கொட்டிலுக்கு வருவோம். காட்டு விலங்குக்கு வரும் நோயும் வீட்டு விலங்குக்கு வரும் நோயும் பெரும்பாலும் தாயாதிகள். கோமாரி நோய் மாட்டுக்கும் வரும், மானுக்கும் வரும், பன்றிக்கும் வரும். கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் நோய் மயிலுக்கும் வரும். அடைப்பான் நோய்க்கு மாடு, ஆடு, யானை, மனிதன் என்ற பேதம் இல்லை. 2021 ஜூலையில் கோவை மாவட்டம் ஆனைகட்டிப் பக்கம் இறந்து கிடந்த காட்டு யானைக்கு அடைப்பான் என்று தெரிந்ததும், சுற்று வட்டாரத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. காட்டில் ஒரு யானையின் சாவுக்குக் காரணம் சரியாகக் கண்டுபிடித்ததால், ஊரில் மாடுகளுக்கு முன்கூட்டியே பாதுகாப்புக் கிடைத்தது.

எதிர்த்திசையிலும் நோய் போகும். ஆட்டுக்கொல்லி நோய் உங்களுக்குப் புதிதல்ல. செம்மறிக் கிடையில் புகுந்தால் என்ன ஆகும் என்று தெரியும். அதே நோய் 2016-17-ல் மங்கோலியாவில் வளர்ப்பு ஆடுகளிடமிருந்து சைகா என்ற காட்டு மான் இனத்துக்குப் பரவியது. உலகில் வேறு அதிக இடங்களில் இல்லாத அந்த இனம் ஆயிரக்கணக்கில் மடிந்தது. குஜராத்தின் கிர் காட்டில் 2018 செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் 23 சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தன. அவற்றில் சிலவற்றுக்கு, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் தொற்றியிருந்தது உறுதியானது. மிச்சமுள்ள சிங்கங்களைக் காக்க அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வரவழைத்தார்கள்.

நம் வண்டலூரிலும் பார்த்தோம். கொரோனா இரண்டாம் அலையில், 2021 ஜூன் 3-ந் தேதி அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் நீலா என்ற 9 வயதுப் பெண் சிங்கம் இறந்தது. 11 சிங்கங்களின் மாதிரிகளைப் போபாலில் உள்ள தேசிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதில் 9 சிங்கங்களுக்குத் தொற்று இருந்தது. ஜூன் 16-ல் ஓர் ஆண் சிங்கமும் இறந்தது. மற்றவற்றைப் பூங்காவின் மருத்துவர்களும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிபுணர்களும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள். மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுப்பது நமக்கு ஒரு நிமிட வேலை. சிங்கத்தின் மூக்கில் எடுக்க என்ன பயிற்சி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட விவசாயிகள் மறக்கக் கூடாத கதை பாறு கழுகுகளுடையது. செத்த மாட்டை ஊர்க்கோடியில் போட்டால் வானத்திலிருந்து கூட்டமாக இறங்கி, சில மணி நேரத்தில் எலும்பை மட்டும் விட்டுவைத்துப் போகும் பிணந்தின்னிக் கழுகுகளை ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். 1990-களில் அவை திடீரென்று மறையத் தொடங்கின. வெண்முதுகுப் பாறு இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் அழிந்துபோனது. காரணம் யாருக்கும் புரியவில்லை. இறந்த பறவைகளைக் கூறாய்வு செய்து, சிறுநீரகம் கெட்டு உள்ளுறுப்புகளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதைக் கண்டு, அதற்கான காரணத்தைத் தேடிப்போன மருத்துவர்கள்தான் 2004-ல் விடையைச் சொன்னார்கள். மாட்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் நாம் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி! மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுக்குப் போய் அதைக் கொன்றது.

2006-ல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவையும் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டன. பாறுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் கடையில் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் முதுமலை, மாயாறு பக்கம்தான் போக வேண்டும். நம் ஊர்க்கோடியில் செத்த மாட்டைத் தின்பவை இன்று தெருநாய்கள். உங்கள் ஆட்டுக் கிடையில் புகுந்து கடிப்பவையும் அவைதான். மாட்டு வைத்தியமும் காட்டு வைத்தியமும் ஒன்றையொன்று அறியாமல் நடந்ததற்கு நாம் கொடுத்துக்கொண்டிருக்கும் விலை அது.

மயிலும் கடல்பசுவும் நம்முடையவை

புதுக்கோட்டையில் புலி இல்லை, காட்டு யானை இல்லை, இந்த மாவட்டத்துக்கு எதற்கு வன உயிரின மருத்துவம் என்று அதிகாரிகள் கேட்கக் கூடும். விராலிமலையில் மயில்கள் இருக்கின்றன. நார்த்தாமலைக் காடுகள் இருக்கின்றன. தென்கிழக்கே கடல் இருக்கிறது. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கடல்பசுவுக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் இந்தப் பிராணி கடற்புல் மேய்கிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது, சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு விடுகிறது. வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிச் சாகும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கரையில் ஒரு கடல்பசு ஒதுங்கினால் அதைப் பார்க்க வருபவரும் பக்கத்து மாட்டாஸ்பத்திரி டாக்டராகத்தான் இருப்பார். பெயரில்தான் அது பசு. அதன் உடலைப் பற்றி அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

மயிலைப் பற்றிப் பேசும்போது உங்கள் கோபம் எங்களுக்குத் தெரியும். விதைத்த கடலையைக் கிளறி, நெற்கதிரை உருவி, மிளகாய்ச் செடியை மிதித்துப் போகும் மயிலுக்கு வைத்தியம் வேறு பார்க்க வேண்டுமா என்று நீங்கள் கேட்பது நியாயம். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு உடனே, அலைக்கழிக்காமல் கிடைக்க வேண்டும் என்பதில் இந்தப் பக்கத்துக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மயில் ஏன் பெருகியது, எங்கே பெருகியது, அதற்கு என்ன நோய் இருக்கிறது, அந்த நோய் உங்கள் நாட்டுக்கோழிக்கு வருமா, விதைப்புக் காலத்தில் அதை வயலிலிருந்து விலக்கி வைக்க எது பலிக்கும் என்பதையெல்லாம் ஆராய்ந்து சொல்லக் கூடியவர்களில் முதல்வர் இந்தப் படிப்புப் படித்தவர். அவர் இல்லாத ஊரில் கோபம் விஷம் கலந்த தானியமாக மாறுகிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள மயிலைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ஒரு கடலைக் கொல்லைக்காக ஒரு குடும்பம் அந்த நிலைக்குப் போகக் கூடாது. அந்த விஷம் மயிலோடும் நிற்காது. உங்கள் கோழியும் நாயும் அதே தானியத்தைத்தான் பொறுக்கும்.

எங்கே படிக்கலாம்?

யானை டாக்டர் என்று தமிழ்நாடு அறிந்த மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி டாப்சிலிப், முதுமலை முகாம்களில் யானைகளோடு வாழ்நாளைக் கழித்தவர். ஜெயமோகனின் கதை வழியாக அவரைப் படித்தவர்களும் உண்டு. அவர் பணிக்குச் சேர்ந்த காலத்தில் முகாமே பள்ளிக்கூடம், யானையே பாடப் புத்தகம். இன்று அப்படிக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. முறையான படிப்பு இருக்கிறது. உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்குப் பிராணிகள் மேல் பிரியம் இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி, கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டுமே நீட் தேர்வு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கால்நடை மருத்துவத்துக்கும் உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 1903-ல் தொடங்கிய சென்னைக் கல்லூரியைத் தேடித்தான் போக வேண்டும் என்பதில்லை. 2012-ல் ஒரத்தநாட்டில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி கந்தர்வகோட்டை, கறம்பக்குடிக்காரர்களுக்கு எட்டும் தூரம்தான்.

இரண்டாவது படி, இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் வன உயிரின அறிவியலுக்குத் தனித்துறையே இருக்கிறது. பக்கத்திலேயே வண்டலூர் பூங்கா. 1855-ல் சென்னை அருங்காட்சியகத்தில் தொடங்கி, மூர்மார்க்கெட் பக்கம் இருந்து, 1985-ல் வண்டலூருக்குப் போன அந்தப் பூங்கா மாணவர்களுக்குப் பெரிய ஆய்வுக்கூடம். வனத்துறையின் வன உயிரினப் பாதுகாப்பு உயர்நிலை நிறுவனமும் அங்கேயே இருக்கிறது. வெளி மாநிலம் என்றால் உத்தரப் பிரதேசம் இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், மத்தியப் பிரதேசம் ஜபல்பூரில் உள்ள கால்நடை அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவை வன உயிரின மருத்துவத்தில் பெயர் பெற்றவை. வயநாட்டுப் பூக்கோட்டில் உள்ள கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்திலும் வன உயிரின ஆய்வுக்கு மையம் உண்டு. டேராடூனில் 1982 முதல் இயங்கும் இந்திய வன உயிரின நிறுவனம் பணியில் இருக்கும் அலுவலர்களுக்கும் பயிற்சி அளிக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பிடித்தால் வெளி மாநிலத்தில் உதவித்தொகையோடு படிக்க வழி உண்டு.

கடல் கடந்தும் கதவுகள் திறந்திருக்கின்றன. லண்டன் விலங்கியல் கழகமும் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 1994 முதல் வன விலங்கு நலத்தில் ஓர் ஆண்டு முதுநிலைப் படிப்பு நடத்துகின்றன. அமெரிக்காவில் பெரிய காட்சிசாலைகளில் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து பயின்று, தேர்வெழுதி நிபுணராகும் முறை இருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகம் பாதுகாப்பு மருத்துவத்தை இணையவழியில் கற்பிக்கிறது. இவற்றுக்கெல்லாம் செலவு அதிகம். உதவித்தொகை கிடைத்தால் போகலாம், நிலத்தை அடமானம் வைத்துப் போக வேண்டாம். இங்கேயே கற்றுக்கொள்ள யானையும் சிங்கமும் மயிலும் கடல்பசுவும் இருக்கின்றன.

குறை எங்கே இருக்கிறது?

இத்தனை வாய்ப்பு இருந்தும் உங்கள் கிணற்று மானுக்கு ஏன் பலன் இல்லை? முதுநிலைப் படிப்பில் இடங்கள் குறைவு. படித்து முடிப்பவர்கள் புலிகள் காப்பகத்துக்கோ காட்சிசாலைக்கோ ஆராய்ச்சிக்கோ போகிறார்கள். அது தவறில்லை, அங்கேயும் ஆள் வேண்டும். ஆனால் பெரும்பாலான காட்டு உயிர்கள் அடிபடுவது காப்பகத்துக்குள் அல்ல. நம்மைப் போன்ற மாவட்டங்களில், வயலோரத்திலும் சாலையோரத்திலும் கடற்கரையிலும்தான். அங்கே ஓடி வருபவர், இரண்டு ஆண்டு விடுப்பெடுத்து மேற்படிப்புக்குப் போக முடியாத கிராமத்து டாக்டர். அவர் போனால் ஆஸ்பத்திரியைப் பூட்ட வேண்டியதுதான்.

ஆகவே இந்தப் பக்கம் அரசிடமும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திடமும் மூன்று கோரிக்கைகளை வைக்கிறது.

முதலாவது, பணியில் இருக்கும் கால்நடை உதவி மருத்துவர்களுக்கென்று மூன்று முதல் ஆறு மாதப் பயிற்சி. அதை ஒரத்தநாடு கல்லூரியிலும் புதுக்கோட்டையில் உள்ள பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையத்திலும் நடத்தலாம். செய்முறைக்கு வண்டலூர் பூங்காவுக்கும் திருச்சி அருகே எம்.ஆர். பாளையத்தில் உள்ள யானைகள் மறுவாழ்வு மையத்துக்கும் அனுப்பலாம். பயிற்சிக் காலம் முழுவதையும் பணிக்காலமாகக் கருதி முழுச் சம்பளம் தர வேண்டும். அவர் இடத்தில் மாற்று டாக்டரை அனுப்பிவிட்டுத்தான் அவரை அழைக்க வேண்டும். ஏற்கெனவே டாக்டர் இல்லாமல் தவிக்கும் ஊர்களுக்கு இதனால் இன்னொரு கஷ்டம் வரக் கூடாது. இந்த நிபந்தனை இல்லாமல் திட்டம் வந்தால் நீங்கள் எதிர்ப்பீர்கள், நாங்களும் எதிர்ப்போம்.

இரண்டாவது, வன உயிரின முதுநிலைப் படிப்பை ஒரத்தநாட்டிலும் தொடங்க வேண்டும். காட்டோர மாவட்டப் பிரச்சினையையும் கடலோர மாவட்டப் பிரச்சினையையும் சென்னையிலிருந்து மட்டும் பார்க்க முடியாது.

மூன்றாவது, மாவட்டத்துக்குக் குறைந்தது ஒரு பயிற்சி பெற்ற மருத்துவர். அவர் கையில் மயக்க ஊசித் துப்பாக்கி, அதற்கான மருந்துகள், மாற்று மருந்துகள், மான் முதல் மயில் வரை ஏற்றிச் செல்லக் கூடிய கூண்டு வண்டி. வனத்துறையும் கால்நடை பராமரிப்புத் துறையும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். நிலமும் கடலும் சேர்ந்த புதுக்கோட்டையில் இதைத் தொடங்குவது பொருத்தம். இந்த மருத்துவர் மான் விழும் நாளுக்காகக் கைகட்டிக் காத்திருக்கப் போவதில்லை. பொல்லாத ஜல்லிக்கட்டுக் காளையை அதற்கும் நமக்கும் சேதமில்லாமல் அடக்கிச் சிகிச்சை செய்ய அதே ஊசித் துப்பாக்கியும் அதே அறிவும் உதவும். வாடிவாசல்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில் அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் செய்யக் கூடியவை

கோரிக்கை வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் பயிர்ச் சேதத்தைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்து மனுவாகக் கொடுங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். விரிவாக்கப் பணியாளர்கள் அதை எழுதிக் கொடுக்க உதவுங்கள். அரசுப் பள்ளியில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளிடம் 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

பயிற்சி பெற்ற டாக்டர் வரும்வரை சில காரியங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. அடிபட்ட மானைத் துரத்தாதீர்கள். கிணற்றிலிருந்து தூக்கியதும் கண்ணைத் துணியால் மூடி, நிழலில் கிடத்தி, கூட்டத்தையும் நாய்களையும் விலக்குங்கள். செல்போனில் படம் எடுக்கும் கூட்டம் காயத்தைவிட ஆபத்து. வாயில் தண்ணீரைப் புகட்ட வேண்டாம், மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள். உங்கள் கால்நடைகளுக்கு அவசரம் என்றால் 1962 என்ற எண் இருக்கிறது.

கோமாரிக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் தடுப்பூசி முகாம் வரும்போது ஒரு மாடும் ஓர் ஆடும் விடுபடாமல் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த ரத்தம் வந்தால் அடைப்பானாக இருக்கலாம். அதை அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லி, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மாட்டுக்கு வலி ஊசி போடும்போது அது என்ன மருந்து என்று கேளுங்கள். மெலாக்சிகாம் இருக்கும்போது, தடை செய்த மருந்தை யார் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்தச் சித்திரைக் காலைக்கே திரும்புவோம். பையோடு ஓடி வந்த டாக்டர் மானின் பக்கத்தில் மண்டியிடுகிறார். ஊரே அவர் முகத்தைப் பார்க்கிறது. அவர் நல்லவர், உங்கள் பசுவின் கன்றை இரவு இரண்டு மணிக்கு வந்து எடுத்துக் கொடுத்தவர். இப்போது எந்த மருந்தை எவ்வளவு போடுவது என்று அவர் தயங்கினால் அது அவர் குற்றமில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுக்காத நம் குற்றம். அந்தத் தயக்கத்தைப் போக்க மூன்று மாதப் பயிற்சி போதும். அந்தப் பயிற்சி அடுத்த நாள் உங்கள் கொட்டிலுக்கும் சேர்த்துத்தான் பயன்படும்.